ஆல்ட்டோவுக்குச் சத்தம் அதிகம்

மே 4, ஞாயிறு

ஆராதனை முடிந்து அங்கியை மடித்துக்கொண்டிருந்தபோது எட்வின் மாஸ்டர் கூப்பிட்டார். எங்கள் சர்ச்சின் பாடகர் குழுவான கொயரை நடத்துகிறவர் அவர்தான். நான் ஆல்ட்டோ. அதாவது பெண்களில் கீழ்க்குரல். ராகம் முழுக்க சொப்ரானோக்களுக்குப் போய்விடும். எங்களுக்கு வருவது சுவர் எழுப்பும் வேலை.

"பியூலா, தப்பா எடுத்துக்காத. நாப்பது பேர் பாடுதோம். ஒஞ்சத்தம் மட்டும் தனியா வந்து நிக்கி. அடக்கிப் பாடு, அடக்கிப் பாடுன்னு எத்தன தடவதான் சொல்லுவேன்? ஜூன் மொத ஞாயித்துக்கெழமைலருந்து நீ கீழ சபையோட உக்காந்துக்கோ."

"சரி மாஸ்டர்" என்றேன். அதையும் சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். வெளியே நின்ற ஆண்கள் வரிசை டெனர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு ஒன்றும் இல்லை. வரும் வழியில் இரண்டு கிலோ சாளை மீன் வாங்கினேன். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். இவ்வளவு எதற்கு என்று அம்மா கேட்டாள். மலிவாகக் கிடைத்தது என்றேன். மலிவாகக் கிடைக்கவில்லை.

மே 5, திங்கள்

சாளைக் குழம்பு. சாளை வறுவல். எதிர்வீட்டுக்கும் கொடுத்தாயிற்று. இன்னும் இருக்கிறது.

எனக்கு இந்தத் தொண்டையைக் கொடுத்தது ஆண்டவர். நான் பாடம் எடுக்கும் இரண்டாம் வகுப்பு 'பி' பிரிவில் ஐம்பது பிள்ளைகள். பக்கத்து வகுப்பு டீச்சர் மைக் கேட்டு மனுப் போட்டாள், நான் போடவில்லை. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், "பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா வாங்கன்னு சொன்னதே தெருவுக்குக் கேட்டுது" என்று சொல்லி அனுப்பினார்கள். அப்போது சிரித்தேன். இப்போதும் சிரிக்கிறேன். முப்பத்தாறு வயதில் இதற்கெல்லாம் அழுதால் நன்றாகவா இருக்கும்?

மே 7, புதன்

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

கொயர் பயிற்சிக்கு ஆசீர் ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆசீர் எங்கள் பேஸ் வரிசையில், அதாவது ஆண்களில் கீழ்க்குரலில், நிற்பவர். கொரியாவில் கோஜே என்கிற தீவில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்துவிட்டுப் போன வருஷம் ஊர் திரும்பியவர். கொரிய மொழி தண்ணீராக வரும். என்னைவிட மூன்று வயது பெரியவர். மற்ற பெண்கள் எல்லாரும் ஆசீர் அண்ணன் என்கிறார்கள். எனக்கு அந்த அண்ணன் வாயில் வர மாட்டேன் என்கிறது. மூன்று வயதெல்லாம் ஒரு வித்தியாசமா?

ஸ்பீக்கரில் முதலில் வயலின்கள் வந்தன. சிசிலியா அக்கா பக்தியாகக் கண்ணை மூடினாள். உடனே டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்து இறங்கியதில் அவள் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு ஓடியது. மேற்கூரையில் குடியிருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. அந்த இடிக்கு மேலே ஒரு பெண் குரல் ஏறியது. ஓபராவில் பாடுகிற குரல். கிட்டார் என்ன கத்தினாலும் அது பாட்டுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. யாருக்கும் அது அடங்கவில்லை. எனக்கு உட்கார முடியவில்லை. நின்றேன், மறுபடியும் உட்கார்ந்தேன்.

"இதுக்குப் பேரு சிம்ஃபொனிக் மெட்டல்" என்றார் ஆசீர். குழுவின் பெயர் ஹன்கியோல். நடுக்குளிர்காலம் என்று பொருளாம். அதில் டிரம்ஸ் அடிக்கிற தோங்சு என்பவர் முன்பு கோஜேயில் இவரோடு வெல்டிங் செய்தவர். இந்த மாதம் இருபத்து நான்காம் தேதி சென்னையில் அவர்களுக்கு நிகழ்ச்சி. அவர்கள் பாட்டில் பின்னால் ஒரு பெருங்கூட்டம் பாடும். மேடையில் அந்தக் கூட்டம் லேப்டாப்பிலிருந்துதான் வருமாம். இந்த முறை உயிரோடு இருக்கிற கூட்டம் கிடைக்குமா என்று தோங்சு கேட்க, ஆசீர் யோசிக்காமல் "எங்க கோயில்ல நாப்பது பேர் இருக்கோம்" என்று சொல்லிவிட்டாராம்.

எட்வின் மாஸ்டர் முகம் கடுகடுவென்று இருந்தது. "நாலு பார்ட் எழுதியிருக்கானுவளா, இல்ல சும்மா கத்தலா?"

"எட்டு பார்ட், மாஸ்டர்."

"எட்டா?"

மாஸ்டர் மெதுவாக உட்கார்ந்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, நாங்கள் போகிறோம். நிகழ்ச்சி மே மாதம். எனக்கு ஜூனில்தான் கெடு. நான் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

மே 9, வெள்ளி

சபைக் கமிட்டியில் ஒரு மணி நேரம் விசாரணை. கறுப்பு உடுப்பு ஏன், முடி ஏன் அவ்வளவு நீளம், பாட்டில் பிசாசு உண்டா? ஆசீர் வரிவரியாக அர்த்தம் சொன்னார். கடலுக்குள் மூழ்கிச் சிப்பி எடுக்கிற பெண்களைப் பற்றிய பாட்டு. போனவள் மேலே வரவில்லை. கரையில் நிற்கிறவர்கள் 'தோராவா, தோராவா' என்று கூப்பிடுகிறார்கள். திரும்பி வா என்று அர்த்தம்.

கமிட்டிச் செயலாளருக்குத் தூத்துக்குடி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வந்துட்டாளா இல்லையா, அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார்.

"அது பாட்டுல இல்ல சார்."

அனுமதி கிடைத்துவிட்டது.

மே 13, செவ்வாய்

கத்திரி வெயில். வடகம் போட்டேன். காக்கைகளை விரட்ட மாடியில் உட்கார்ந்து 'தோராவா' பாடினேன். ஒரு காக்கையும் திரும்பி வரவில்லை.

கொரியாக்காரர்கள் அனுப்பிய நோட்டு ஐந்து கோட்டில் எழுதியது. எங்களுக்கு அது ஆகாது. எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து டோ ரே மீ எழுத்துகளில் எழுதித்தான் பாட்டுப் படிப்போம். எட்டு பார்ட்டையும் மாஸ்டர் உட்கார்ந்து எழுத்தாக மாற்றியிருக்கிறார். கண் சிவந்து கிடந்தது. முகத்தில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம். அவரை எனக்குப் பிடிக்காமல் போனால் எவ்வளவு வசதியாக இருக்கும்!

சாயங்காலம் ஆசீர் வீட்டுக்கு வந்தார். உச்சரிப்புத் திருத்தவாம். மற்ற முப்பத்தெட்டுப் பேருக்கும் கோயிலிலேயே திருத்திவிட்டார்; எனக்கு மட்டும் சரியாக வரவில்லை என்றார். எனக்கு நன்றாகத்தான் வந்தது. இருந்தாலும் சொல்லிக்கொடுக்க வந்தவரிடம் வம்பு எதற்கு என்று இரண்டு மணி நேரம் திருத்திக்கொண்டேன்.

"பெரியம்மா, காப்பி பிரமாதம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அந்தத் தம்பி நல்ல தம்பிலா?"

"உச்சரிப்பு நல்லா இருக்கும்மா" என்றேன்.

மே 16, வெள்ளி

நீலப் பட்டுச் சேலைக்கு இஸ்திரி போட்டேன். அங்கிக்குள்ளே எந்தச் சேலை கட்டினாலும் தெரியப் போவதில்லை. ஆனாலும் துணி சுருக்கமில்லாமல் இருப்பது ஒழுக்கம்.

மே 19, திங்கள்

வந்துவிட்டார்கள்! சென்னைக்கு முன்னால் எங்களோடு இரண்டு நாள் பயிற்சி செய்யப் பாளையங்கோட்டைக்கே வந்துவிட்டார்கள். வேனிலிருந்து ஐந்து பேர் இறங்கினார்கள், இந்த வெயிலில் தலை முதல் கால் வரை கறுப்பில். எதிர்க் கடைக்காரர் துக்க வீடா என்று விசாரித்தார்.

பாடகியின் பெயர் ஸோயுன். என் தோள் உயரம்கூட இல்லை. இந்த உடம்பிலிருந்தா அந்தக் குரல் என்று நினைத்தேன். வாயைத் திறந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், என் கை மயிர் நின்றது. மைக் இல்லை, ஒன்றும் இல்லை. ஜன்னல் கண்ணாடி ஒன்று அதிர்ந்துகொண்டே இருந்தது.

கிட்டாரின் சுருதியை வழக்கத்தைவிடக் கீழே இறக்கியிருப்பதாகவும், நோட்டில் இருப்பதும் இதுவும் ஒத்துப்போகாது, மன்னிக்க வேண்டும் என்றும் டிரம்ஸ்காரர் தோங்சு ஆசீர் மூலமாகச் சொன்னார். மாஸ்டர் கையை ஆட்டினார். "டோ எதுன்னு மட்டும் காட்டச் சொல்லு. மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்." கிட்டார்க்காரர் ஒரு ஸ்வரம் கொடுத்தார். நாற்பது பேரும் அங்கிருந்து பிடித்துப் பாடினோம். ஐந்து கறுப்புச் சட்டைகளும் கை தட்டினார்கள்.

பாட்டின் நடுவில் மாஸ்டர் வழக்கம்போல என் பக்கம் உள்ளங்கையைக் கீழே அழுத்தினார். அடக்கு என்று அர்த்தம். அடக்கினேன். ஸோயுன் பாட்டை நிறுத்திவிட்டு ஏதோ கேட்டாள்.

ஆசீர் மாஸ்டரைப் பார்க்காமல் மொழிபெயர்த்தார். "கடைசி வரிசையில அந்தப் பெரிய குரல் எங்க போச்சுன்னு கேக்காவ."

"கலந்து வரணும்லா, அதுக்காகத்தான்" என்றார் மாஸ்டர்.

ஸோயுன் மரியாதையாகத் தலையை ஆட்டினாள். மறுபடி பாடினோம். மாஸ்டர் மறுபடியும் அழுத்தினார். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தேன். இரண்டு செம்பு குடித்தும் போதவில்லை. வெயில்தான்.

மே 20, செவ்வாய்

பயிற்சி முடிந்ததும் ஸோயுன் என்னை ஓரங்கட்டினாள். ஆசீர் நடுவில் நின்று மொழிபெயர்த்தார்.

"நீங்க வீட்டுல எங்க பாடுவீங்கன்னு கேக்காவ."

யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். வீட்டில் பாடினால் தெருவே வந்துவிடும். அதனால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நாற்கரச் சாலைக்குப் போவேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அதற்குள்ளேயே நாங்குநேரி வரை கத்துவேன். லாரிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

ஸோயுன் குதித்தாள். அவள் குடியிருப்பில் பாடினால் பக்கத்து வீட்டார் போலீசைக் கூப்பிடுவார்களாம். அவள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்துக்கு அடியில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாடுவாளாம். "கூட்டிட்டுப் போங்க, இப்பவே" என்றாளாம்.

போனோம். நான் ஓட்ட, அவள் பின்னால். ஆசீர் தன் பைக்கில் துணைக்கு. ரெட்டியார்பட்டி தாண்டியதும் ஆரம்பித்தோம். அவள் மேலே, நான் கீழே. அனல் காற்று, புழுதி, ஆட்டுக்கூட்டம், எல்லாவற்றுக்கும் மேலே நாங்கள். என் வாழ்நாளில் எனக்குப் பக்கத்தில் என்னைவிடச் சத்தமான ஒருத்தி இருந்ததே இல்லை. அடக்கவே வேண்டாம்! இன்னும் கூட்டினாலும் போதவில்லை! அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சிரிப்பு வேறு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பாடுவதற்கு டோ ரே மீயில் எழுத்து இல்லை.

சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் கை காட்டினார்.

"என்னம்மா பிரச்சின? ரெண்டு பேரும் அலறிக்கிட்டு வாரீங்க? பின்னால ஒருத்தன் தொரத்திக்கிட்டு வாரான்?"

"தொரத்தல சார். அவுங்க பேஸ்" என்றேன்.

விளக்கிச் சொல்லவே கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அவர், "நம்புததுக்கு ஒரு தடவ பாடிக் காட்டுங்க" என்றார். சாலையோரம் மூன்று பேரும் நின்று பாடினோம். இரண்டு லாரிகள் நின்றன. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு கேட்டார்.

ஆசீரின் குரல் பக்கத்தில் நின்று கேட்டால் தரை வழியாகக் காலில் ஏறுகிறது. இதை இசை சம்பந்தமான குறிப்பாக எழுதுகிறேன்.

மே 23, வெள்ளி

சென்னைக்கு ரயில். மாஸ்டர் இருக்கை இருக்கையாக வந்து ஒரே விஷயத்தைச் சொன்னார். "கடைசிப் பாட்டு டக்குன்னு நிக்கும். லைட் அணையும். அதோட முடிஞ்சுது. யாரும் ஆமென் போட்டுராதீங்க." எங்கள் கோயிலில் எந்தப் பாட்டும் நாலு பார்ட் ஆமென் இல்லாமல் முடியாது. பிறந்ததிலிருந்து பழக்கம். என் இருக்கைக்கு மட்டும் இரண்டு தடவை வந்தார்.

மே 24, சனி

தங்கியிருக்கும் விடுதியில் மற்றப் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மைதானம் முழுக்கக் கறுப்புச் சட்டைப் பிள்ளைகள். நாங்கள் வெள்ளை அங்கியில் மேடை ஏறியதும் கொஞ்சம் சிரித்தார்கள். கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் நாற்பது பேரின் 'தோராவா' போய் விழுந்தபோது சிரிப்பு நின்றது. கடைசி வரிசையில் ஒரு ஓரத்தில், மைக்குக்கு எட்டாத இடத்தில் மாஸ்டர் என்னை நிறுத்தியிருந்தார். தோங்சு அடித்த அடியில் என் நெஞ்சுக்கூடே துடித்தது. அடக்கித்தான் பாடினேன். பாட்டுக்குப் பாட்டு அடக்கினேன்.

கடைசிப் பாட்டு. கடலுக்குள் போனவள் வரவில்லை. ஸோயுன் மேலே மேலே ஏறினாள். டிரம்ஸ் டக்கென்று நின்றது. விளக்கு அணைந்தது. மைதானம் முழுக்க ஒரு சத்தம் இல்லை.

நாற்பது பேரும் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. முப்பத்தொன்பது பேர் அதை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

"ஆ..."

நான்தான். இருட்டில், தனியாக, மைக் இல்லாமல், இத்தனை நேரம் அடக்கி வைத்தது மொத்தமும் சேர்ந்து. ஆல்ட்டோவின் ஆமெனைத் தனியாகக் கேட்டால் அதில் ராகமே இருக்காது. இரண்டே ஸ்வரம். முதல் ஸ்வரத்தில் நின்றுகொண்டு, ஐயோ, நிறுத்தினாலும் அசிங்கம், தொடர்ந்தாலும் அசிங்கம் என்று செத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கீழே தரை அதிர்ந்தது. ஆசீர். என் ஸ்வரத்துக்கு அடியில் தன் ஸ்வரத்தைக் கொண்டுவந்து வைத்தார். மேலேயிருந்து ஸோயுன் இறங்கி வந்தாள். பிறகு டெனர்கள், சொப்ரானோக்கள், எல்லாரும். "...மென்" என்று நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கடல்காரி கரையேறிவிட்ட மாதிரி எனக்குத் தோன்றியது. விளக்கு வந்தது. கறுப்புச் சட்டைப் பிள்ளைகள் போட்ட கூச்சலை என்னால் எழுத முடியாது. முன்வரிசையில் ஒரு தாடிக்காரப் பையன் அழுதுகொண்டிருந்தான்.

ஸோயுன் ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு அவ்வளவுதான் எட்டும்.

மாஸ்டரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மே 25, ஞாயிறு

திருநெல்வேலி ஜங்ஷன், பிளாட்பாரம். பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த மாஸ்டர் பக்கத்தில் வந்தார். நேற்று அத்தனை பேரும் அவர் கையைப் பிடித்து, அந்த முடிவை யோசித்தது யார் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் யோசித்ததாகச் சொல்லவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை.

"பியூலா, ஜூனுலயும் நீ வா. யோசிச்சுப் பாத்தேன். ஆனா கொஞ்சம் அடக்கி..."

நான் எத்தனை நாளாக எதிர்பார்த்த வார்த்தை! மூன்று வாரமாக ராத்திரி ராத்திரி இதைத்தான் ஜெபித்தேன் என்பதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"இல்ல மாஸ்டர். நான் கீழயே உக்காந்துக்கிடுதேன். சபையில யாரையும் அடக்கிப் பாடணும்னு சொல்ல முடியாதுல்லா?"

அவர் கோபப்படவில்லை. பாவம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்கப்புறம் ஆல்ட்டோவுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

ஆசீர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ வரை வந்தார். உள்ளே வைத்துவிட்டு உடனே திரும்பிவிட்டார். அப்படி என்ன அவசரம்?

மே 29, வியாழன்

வடகம் காய்ந்துவிட்டது. ஆசீர் நான்கு நாளாக வரவில்லை. உச்சரிப்பு வேலை முடிந்துவிட்டதே, ஏன் வரப் போகிறார்? இரண்டு கிலோ சாளை வாங்கினேன்.

ஜூன் 1, ஞாயிறு

பெண்கள் பக்கம், ஐந்தாவது வரிசை, நடைபாதை ஓரம். எனக்கு உள்பக்கம் அம்மா. எங்கள் கோயிலில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். கல்யாணத்தன்று மாப்பிள்ளையும் பெண்ணும் முன்னால் சேர்ந்து உட்காருவார்கள். மற்றபடி யாரும் மாறி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கொயர் பவனியாக வந்து மேடை ஏறியது. ஆல்ட்டோ வரிசையில் என் இடம் ஓட்டையாகத் தெரிந்தது. முதல் பாட்டு. முதல் சரணத்தைப் பயந்து பயந்து பாடினேன். இரண்டாவதில் திறந்தேன். முன்வரிசையில் தலைகள் திரும்பின. என் வகுப்புப் பையன் ஒருவன் ஆண்கள் பக்கத்திலிருந்து "எங்க டீச்சர்!" என்று கை ஆட்டினான். மாஸ்டர் திரும்பினார். உள்ளங்கை பாதி வரை எழும்பியது. சபையை எப்படி அடக்குவது? கையை எடுத்துத் தலையைத் தடவிக்கொண்டார்.

இரண்டாம் பாட்டில் கொயரின் அடிக்குரல் மெலிந்து கேட்டது. என்னவென்று நிமிர்ந்தால், ஆசீர் மேடைப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தார். வெள்ளை அங்கியோடு. உடம்பு சரியில்லையோ என்று பதறினேன். நடுப்பாதையில் நடந்து வந்தார். முழுச் சபையும் பாடிக்கொண்டே பார்த்தது. ஐந்தாவது வரிசையில் நின்றார். வலது பக்கம் திரும்பவில்லை. இடது பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் தள்ளிக்கிடுங்க."

அம்மா என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். "தம்பி, ஆம்பளைங்க அந்தப் பக்கம்லா."

"தெரியும் அத்தை."

அத்தை. போன தடவை வரை பெரியம்மா.

அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பாட்டுப் புஸ்தகத்தை மூடினாள். பிறகு தள்ளி நின்றாள். அவள் தள்ளியதில் வரிசையே தள்ளியது. கடைசியில் இருந்த சிசிலியா அக்காவின் அம்மா சுவரோடு ஒட்டினாள்.

அவர் என் பக்கத்தில் நின்று பேஸ் பாட ஆரம்பித்தார். எனக்குச் சத்தம் வரவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. இந்த நோட்டில் நான் எழுதி வைத்த பொய் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தொண்டையில் நின்றது. எனக்கு இவரைப் பிடிக்கும். கொரியாவிலிருந்து வந்த நாளிலிருந்து பிடிக்கும். போதுமா?

"பாடுங்க டீச்சர்" என்றார், பாட்டுக்கு நடுவில். "நான் இவ்வளவு தூரம் நடந்து வந்தது அதுக்குத்தான்."

மூன்றாம் சரணத்தில் சத்தம் திரும்பி வந்தது. கொஞ்சமாக வரவில்லை. அம்மா ஒரு காதைப் பொத்திக்கொண்டாள்.